ஓடிக்கொண்டு நின்ற வண்டி

காம்பவுண்டு கேட்டுக்கு ஆறடி முன்னால் பூபதி வண்டியை நிறுத்தினான். நின்றது சக்கரம் மட்டும்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இடது காலைத் தரையில் ஊன்றி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, வலது கையால் ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் அளவுக்குத் திருகிப் பிடித்திருந்தான். அப்படிப் பிடித்திருக்க வேண்டிய வண்டி அது. பதினோரு வருடப் பழசு. கையை எடுத்தால் பத்து எண்ணுவதற்குள் இருமி அணைந்துபோகும். கல்யாணமான மூன்று வருடமாக இந்த வீட்டு வாசலில் அவன் இப்படித்தான் நின்றிருக்கிறான். பின்னால் இருந்து மேகலா இறங்குவாள், பையை எடுத்துக்கொள்வாள், கேட்டைத் திறப்பாள், இவன் தலையை ஒருமுறை அசைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். இன்றைக்குப் பின் சீட்டு காலி. பள்ளிபாளையத்திலிருந்து சங்ககிரி வரைக்கும் அந்தக் காலி சீட்டு முதுகில் உறுத்திக்கொண்டே வந்தது. வியாழக்கிழமை போனில் மேகலா தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, குரல் உயரவில்லை, ரேஷன் கடையில் கார்டு நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு உள்ளே வந்து கூப்பிடுங்கள், உங்களோடு வந்துவிடுகிறேன். வாசலில் நின்று ஹாரன் அடிப்பதாக இருந்தால் வர வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வர வேண்டாம். சரி என்றுதான் இவனும் சொன்னான். குமாரபாளையம் தாண்டும்போது சரி. வைகுந்தம் சுங்கச்சாவடிக்கு முன்னால் தெருவுக்குள் திரும்பும்போதுகூடச் சரி. சாவியைக் கால் வட்டம் இடதுபக்கம் திருப்புவதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான். வந்து நின்றதும், முன் அறை ஜன்னலில் ஈஸ்வரமூர்த்தியின் தலை தெரிந்தது.

மேகலாவின் அண்ணன் அந்த ஈஸ்வரமூர்த்தி. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். தலையைப் பார், உரித்த தேங்காய் மாதிரி. பேப்பர் படிக்கிறானாம். எஞ்சின் சத்தம் கேட்டதும் பக்கத்தைப் புரட்டியதைப் பூபதி பார்த்துவிட்டான். கேட்டிருக்கிறது. யார் வண்டி என்றும் தெரிந்திருக்கிறது. எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்து, வாங்க மாப்ள என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நொடியே சாவியைத் திருப்பிவிடுவேன் என்று பூபதி நினைத்தான். ஜன்னலுக்குள் இருக்கிறவன் என்ன நினைக்கிறான் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் முதலில் ஆஃப் பண்ணட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகராமல் நின்றன, குறுகலான பாலத்தில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு லாரிகள் மாதிரி. யாராவது ஒருவன் பின்னால் எடுக்க வேண்டும். நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் இன்னும் முப்பது வருடத்துக்கு இவன் வாயிலிருந்து அது போகாது. கோயிலில் சொல்வான், பட்டறையில் சொல்வான், வருகிற டிரைவர், கிளீனர் எல்லோரிடமும் சொல்வான். எங்க மாப்ள ஒருவழியா வண்டிய ஆஃப் பண்ணிட்டாரு, பொண்டாட்டி சமைச்சுப் போடலைன்னா எல்லாரும் ஆஃப் பண்ணித்தான் ஆகணும். அந்தச் சிரிப்புகூடக் கேட்டது. பூபதி ஆக்ஸிலேட்டரை இன்னும் ஒரு நூல் திருகினான். சைலன்சர் சூடு பேண்ட் துணியைத் தாண்டி வலது கெண்டைக்காலில் ஏறியது. எதிர்வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். நல்லா பார்த்துக்கொள்ளட்டும்.

எஞ்சினை ஆஃப் செய்கிற விதத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம் என்பது பூபதியின் கட்சி. மில்லில் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நூறு வண்டி வந்து நிற்கும்; சூப்பர்வைசர் ரூமுக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் யார் வந்தது என்று சொல்லிவிடுவான். குப்புராஜ் என்று ஒரு ஃபிட்டர், கியரை எடுக்காமலே கிளட்சை விட்டுவிடுவான். வண்டி ஒரு குதி குதித்துச் செத்துப்போகும், தலையில் தட்டியமாதிரி. வீட்டிலும் அவன் அப்படித்தான், பேச்சை முடிக்கத் தெரியாது, கதவைச் சாத்துவான். ஸ்டோர் கீப்பர் சிவப்பு ஸ்விட்சை மட்டும் தட்டிவிட்டுச் சாவியை அப்படியே விட்டுவிட்டுப் போவார். சாயந்திரம் வந்து பேட்டரி போய்விட்டது என்று மற்றவர்களைத் திட்டுவார். கணக்குப் பார்க்கிற பெரியவர் ஆஃப் செய்கிற கையோடு ஹேண்டில் லாக்கையும் போட்டுவிடுவார், அது இரண்டு வேலை என்பதே அவருக்குத் தெரியாது, யாரையும் நம்பாதவர். பூபதியின் அப்பாவுக்கு இன்னொரு விதம். மாரியம்மன் கோயில் திருப்பத்திலேயே குனிந்து பெட்ரோல் டேப்பை மூடிவிடுவார். கார்புரேட்டரில் மிச்சம் இருக்கிற பெட்ரோலில் வண்டி வீடு வரைக்கும் வரும். வாசலுக்கு வந்ததும் தானாக அணையும். சாவி தொட வேண்டியதே இல்லை. சில நாள் இரண்டு வீடு முன்னாலேயே அணைந்துபோகும், தள்ளிக்கொண்டு வருவார், யாராவது கேட்டால் கால் வலிக்குது, கொஞ்சம் நடக்கலாம்னு என்பார். தோற்றதைத் தோற்றது என்று சொல்லாத மனிதர். அந்த ரத்தம் இங்கேயும் ஓடுகிறதோ என்னவோ. அது கிடக்கட்டும். ஈஸ்வரமூர்த்தி எப்படி ஆஃப் செய்வான்? தெரு முனையிலிருந்தே ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு வந்து, வாசலில் இரண்டு தடவை உறுமவிட்டு, மூன்றாவது உறுமல் பாதியில் இருக்கும்போது சாவியைத் திருப்புவான். வந்துவிட்டேன் என்று தெருவுக்கு அறிவிப்பு. உறுமினால் எஞ்சினுக்கு நல்லது என்று வேறு சொல்வான். எந்த முட்டாள் சொல்லிக்கொடுத்தானோ. எரியாத பெட்ரோல் உள்ளே தங்கி ஆயிலைக் கெடுக்கும் என்று ஒருதரம் பூபதி எடுத்துச் சொன்னான். நூல் மில் சூப்பர்வைசருக்கு எஞ்சினைப் பத்தி நல்லா தெரியுது என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கண்ணடித்தான். கண்ணடித்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் கண்ணடித்தது பிறகு. முதலில் நடந்தது ஆடி. கல்யாணமான முதல் ஆடிக்குப் புது மாப்பிள்ளையை அழைத்திருந்தார்கள். அன்றைக்கு, அன்றைக்கு மட்டும், பூபதி இந்த வீட்டில் வண்டியை ஆஃப் செய்தான். போர்ட்டிகோவுக்குள் ஏற்றி, ஸ்டாண்டு போட்டு, துடைத்துவிட்டு உள்ளே போனான். அரைமணி நேரம் கழித்து ஈஸ்வரமூர்த்தி வந்து சாவியைக் கேட்டான். கேட்டான் என்று சொல்லக்கூடாது, கையை நீட்டினான். இவனும் எதற்கு என்று கேட்காமல் கொடுத்தான். அந்தக் கையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்டிப்போடலாம் போலிருக்கிறது. சாப்பிட்டு வெளியே வந்து பார்த்தால் போர்ட்டிகோவில் யாரோ லாரி முதலாளியின் கார் நிற்கிறது. வண்டி தெருவில், சாக்கடை ஓரம், வெயிலில், சைடு ஸ்டாண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு. சீட்டில் காக்கை எச்சம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச அதில் எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. மேகலாவுக்குக்கூட. இவ்வளவுதானா, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க என்றாள். ஆமாம், இவ்வளவுதான். இவ்வளவுதான் என்பதுதான் விஷயம். பெரிதாக ஏதாவது செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அன்றைக்குத் தீர்மானித்தான்: இந்த வாசலில் இனி எஞ்சின் அணையாது. வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அதை யாரும் தள்ளி வைக்க முடியாது. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருக்கிறவன் வந்தவன் இல்லை, போகிறவன். போகிறவனை அவமானப்படுத்த முடியாது. எவ்வளவு கச்சிதமான யோசனை. மூன்று வருடம் கச்சிதமாகத்தான் வேலை செய்தது. பொங்கலுக்கு வந்தான், எஞ்சின் ஓடியது. ஈஸ்வரமூர்த்தியின் மகளுக்குக் காது குத்துக்கு வந்தான், மேகலாவை இறக்கிவிட்டான், எஞ்சின் ஓடியது. தெருவில் பெயர்கூட வைத்துவிட்டார்கள் என்று மேகலா ஒருநாள் சொன்னாள், ஆஃப் பண்ணாத மாப்ள. சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

ஜன்னலில் தலை இப்போது குனிந்திருந்தது. இன்னொரு பக்கம். எத்தனை பக்கம்டா இருக்கிறது அந்தப் பேப்பரில். மேகலா எங்கே இருப்பாள்? சமையல்கட்டில் இருந்தால் சத்தம் கேட்காது. கேட்காமல் என்ன, நிச்சயம் கேட்கும். சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஹாரன் அடிக்கிறானா பார்க்கலாம் என்று. அடிக்கவில்லை, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வாளா? மாட்டாள். அடிக்காமல் இருப்பது அவளுக்குப் போதாது. பள்ளிபாளையம் வீட்டில் அவள் விட்டுவிட்டு வந்த துணி நாற்பத்து மூன்று நாளாகக் கொடியில் கிடக்கிறது. ஒரு நைட்டி, ஒரு பாவாடை, ஒரு துண்டு. பூபதி அதை எடுக்கவில்லை. எடுத்து மடித்து வைத்தால் ஏதோ முடிந்துபோகும் என்று ஒரு பயம். தூசி படிந்து துண்டு விறைத்துவிட்டது. மெஸ் சாப்பாட்டில் வயிறு கெட்டு, மோர் மட்டும் குடித்துக்கொண்டு, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்த சாயந்திரங்களில், அவள் வரமாட்டாள் என்கிற எண்ணம் சுவரிலிருந்து பல்லி மாதிரி இறங்கி வரும். இவன் அசைந்தால் நிற்கும். அசையாமல் இருந்தால் இன்னும் ஓரடி வரும். இப்போதும் அது வந்தது, நல்ல வெயிலில், பத்தரை மணிக்கு. வரமாட்டாள். ஆஃப் செய்தாலும் வரமாட்டாள். இது பொறி. சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே போனபிறகு அண்ணனும் தங்கையும் உட்கார வைத்து ஆடி கணக்கிலிருந்து ஆரம்பிப்பார்கள். மாமனார் விஷயத்தை எடுப்பார்கள். அதை எடுப்பார்கள். அதை மட்டும் எடுத்தால்.

அதை நினைக்கக்கூடாது என்று பூபதி எதிர்வீட்டு மிளகாயைப் பார்த்தான். சிவப்பு. அந்த அம்மாள் இன்னும் போகவில்லை. கேட்டுக்கு மேலே வீட்டின் பெயர், அதில் ஒரு எழுத்துக்குப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. கேட்டுக்கு உள்ளே நாலு படி. படிக்கு மேலே, கதவுக்கு இடதுபக்கம், பிளாஸ்டிக் நாற்காலி இருந்த இடம். நாற்காலி இப்போது இல்லை. அங்கேதான் அவர் உட்கார்ந்திருந்தார், ஐம்பத்தைந்து நாளைக்கு முன்னால், காலில் சாக்ஸ், கழுத்தில் துண்டு, மருமகன் கொண்டுவந்து இறக்கிவிட்ட மகளைப் பார்க்க. மேகலா படியேறிப் போய்விட்டாள். இவன் கிளம்புவதற்கு முன்னால் வழக்கம்போலத் தலையை அசைத்தான். அப்போது அவர் கையைத் தூக்கினார். வலது கை. முழங்கை நாற்காலிக் கையில் இருக்க, மணிக்கட்டு மட்டும் எழுந்தது, விரல்கள் விரிந்து நின்றன. வாய் அசைந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. வேலை இருக்குதுங்க மாமா என்று இவன் பதில் சொன்னான். என்ன கேட்டார் என்றே தெரியாத ஒன்றுக்குப் பதில். எப்போதும்போல, வண்டிய ஆஃப் பண்ணிட்டு வாங்க மாப்ள என்றுதான் சொல்லியிருப்பார். அப்படித்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. வாய் நிறைய நேரம் அசைந்தது. ஒருமுறை நின்று, எச்சில் விழுங்கி, மறுபடி அசைந்தது. பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். எடுக்கிற அன்றைக்கு மில் ஆட்களோடு வேனில் வந்தான். கருமாதிக்கு பஸ்ஸில் வந்தான், மேகலா அவனோடு திரும்பவில்லை. அன்றைக்கெல்லாம் ஆஃப் செய்கிற கேள்வியே வரவில்லை. என்ன சொன்னார் உங்கப்பா என்று மேகலாவைக் கேட்கவும் இல்லை. எப்படிக் கேட்பது? கேட்டால், உங்களுக்குக் கேட்கலையா என்பாள். அவள் அதற்குள் கதவைத் தாண்டி உள்ளே போயிருந்தாளா, கேட்டுக்கொண்டு நின்றாளா? நினைவில்லை. முதல் வார்த்தைக்கு உதடு ஒட்டியது, அது மாப்ள. அதற்கு அடுத்தது. அதற்கு அடுத்ததும் ஒட்டியது. அப்புறம் விரல்கள் விரிந்தன, இப்படி, மெதுவாக, கையில் ஏதோ இருந்து அதை இறக்கி வைக்கிற மாதிரி. இப்படி. பூபதியின் வலது கை அவனை அறியாமல் எழுந்து, மணிக்கட்டு மடங்கி, விரல்கள் விரிந்து நின்றன. நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தபடி, உதடுகளை ஒட்டிப் பிரித்துப் பார்த்தான்.

எஞ்சின் ஒருமுறை இருமியது. அணைந்துபோயிற்று.

தெரு முழுக்க ஒரே சமயத்தில் காதில் விழுந்தது. எங்கோ குக்கர் விசில், பட்டறைப் பக்கம் இரும்பு அடிக்கிற சத்தம், வேப்பமரத்தில் அணில். வீட்டுக்குள் நாற்காலி தரையில் இழுபட்டது. பூபதி கிக்கர் மேல் காலை வைப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. ஈஸ்வரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே படியிறங்கி வந்தான். முகம் வேறு மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பூபதி பார்த்ததே இல்லை. கேட்டின் கொண்டியைத் தட்டித் திறந்துவிட்டு, ஹேண்டில் மேல் இருந்த பூபதியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க மாப்ள. அப்பா இருக்கும்போது ஒருக்கா இப்படி ஆஃப் பண்ணியிருந்தீங்கன்னா பாத்துட்டுப் போயிருப்பாரு. சரி விடுங்க. வந்துட்டீங்கல்ல."

ஈஸ்வரமூர்த்தி கையை விட்டான். காப்பி போடச் சொல்கிறேன் என்று சொல்லி, வேகமாகத் திரும்பி உள்ளே போனான். சட்டைக் கையை இழுத்துக் கண்ணைத் துடைத்ததைப் பூபதி பார்த்தான். பார்த்ததும் முதலில் வந்தது சந்தோஷம். கெட்ட சந்தோஷம். ஜெயித்தாயிற்று. நான் சாவியைத் தொடவில்லை, இவன் எழுந்து வந்தான், வாங்க என்றான், கையைப் பிடித்தான். பாலத்தில் இருந்து அவனுடைய லாரிதான் பின்னால் போனது, அதுவும் அவனுக்கே தெரியாமல். இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் ஒரே குறை. தன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருக்கலாம், சிரித்திருப்பார். தானாக அணைந்தது, சாவி தொடவே வேண்டியதில்லை. இனி உள்ளே போக வேண்டியது, காப்பி குடிக்க வேண்டியது, மேகலாவைக் கூப்பிட வேண்டியது, பன்னிரண்டு மணிக்குள் கிளம்பிவிடலாம். வண்டியை விட்டு இறங்கி ஸ்டாண்டு போடக் குனிந்தபோது, கேட்டுக்கு இந்தப் பக்கம் மேகலாவின் கால்கள் தெரிந்தன. செருப்பில்லாமல் வந்திருந்தாள். இளைத்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள். வெயில் பட்டு மீட்டர் கண்ணாடி பளபளத்ததால் எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. உள்ளங்கையைக் குவித்து அதன் மேல் நிழல் பிடித்து, குனிந்து பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவி ஆனில் இருந்தது.

அவள் நிமிர்வதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. நிமிர்ந்தபோது கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குத் தெரிந்த பாதையில் சண்டை போயிருக்கும்.

"இது நீங்க பண்ணினது இல்ல," என்றாள், உள்ளே கேட்காத குரலில். "அதுவா நின்னுருக்குது."

பூபதி ஸ்டாண்டைப் போட்டு நிமிர்ந்தான்.

"உள்ள வாங்க. காப்பி குடிங்க. நீங்க ஆஃப் பண்ணினதாத்தான் அண்ணன் நெனச்சுக்கும், நான் சொல்ல மாட்டேன். அண்ணனோட நெனப்புக்குக் குடிச்சுட்டுப் போங்க. நான் வரல."

திரும்பி நடந்தாள். முதல் படி. பூபதியின் கண் பச்சை விளக்கில் இருந்தது. இப்போது சாவியைத் திருப்பினால் என்ன ஆகும்? விளக்கு அணையும். அவ்வளவுதான். ஒரு சத்தமும் வராது, அவள் முதுகுக்கு எதுவும் தெரியாது. உள்ளே போய்ச் சத்தியம் செய்யலாம், நான்தான் திருப்பினேன், நீ பார்த்தபிறகு திருப்பினேன் என்று. அதை யார் நம்புவார்கள்? செத்த எஞ்சினின் சாவியைத் திருப்புவது ஆஃப் செய்வதா? அணைந்துபோனதை அணைக்க முடியாது. இரண்டாவது படி. தேங்காய்த் தலையன் உள்ளே டம்ளரை எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது. அவன் மேல் இருந்த வெறுப்பு அப்படியேதான் இருந்தது, ஒரு துளி குறையவில்லை, கண்ணைத் துடைத்ததற்காக இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்திருந்தது. அந்த வெறுப்போடு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஆஃப் செய்ய வேண்டுமா, வைத்துக்கொண்டே செய்யலாமா? மூன்றாவது படி. கிக்கரை வெளியே திருப்பினான். உதைத்தான்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெரு மறுபடியும் காணாமல்போயிற்று. மூன்றாவது படியில் மேகலா நின்றாள். திரும்பவில்லை, தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியது. உள்ளே ஏதோ கனமாக வைக்கப்பட்டது. எஞ்சினைத் தாண்டி ஈஸ்வரமூர்த்தியின் குரல் துண்டு துண்டாக வந்தது. பாத்தியா. கெளம்பிட்டான். மூணு வருசமா இதேதான். நாய், நாய். எல்லாம் சரிதான், சொல்லட்டும், இன்னும் இரண்டு சொல்லட்டும். எதிர்வீட்டு அம்மாள் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். பூபதி ஆக்ஸிலேட்டரை முறுக்கவில்லை. உறுமவிடவும் இல்லை. எஞ்சின் நிதானத்துக்கு வரட்டும் என்று ஒரு நூல் அளவுக்குப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான், ஒன்று, இரண்டு, மூன்று. இதை விட்டுவிட்டால் போகிறவனாக இருக்க முடியாது. வந்தவனாகிவிட வேண்டும். வந்தவனை யார் வேண்டுமானாலும் வெயிலில் தள்ளி வைக்கலாம். இடது கையைச் சாவிக்குக் கொண்டுபோனான்.

சாவியைத் திருப்பினான்.

சைலன்சர் டிக் டிக்கென்று ஆறத் தொடங்கியது. மேகலாவின் தோள்கள் மெல்ல இறங்கின. கதவுக்குள்ளிருந்து, வெளியே வராமலே, ஈஸ்வரமூர்த்தி கேட்டான்.

"போய்த் தொலைஞ்சுட்டானா?"

"இல்லண்ணா," என்றாள் மேகலா. "ஆஃப் பண்ணிட்டாரு."